விடை 336: கணக்கு டியூஷனில் எதைத் தேட வேண்டும்?

503-இலிருந்து 267-ஐக் கழித்தால் 236. மூன்று பிள்ளைகள் இதைத் தவறாகப் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளையின் விடை 364, இன்னொரு பிள்ளையின் விடை 336, மூன்றாவது 266. விடைத்தாளில் மூன்றுக்கும் ஒரே சிவப்புப் பெருக்கல் குறிதான் விழும். உள்ளே நடந்திருப்பதோ மூன்று வேறு சங்கதிகள்.

364 எழுதிய பிள்ளை, ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்திருக்கிறது. மூன்றிலிருந்து ஏழு போகாது, ஆகவே ஏழிலிருந்து மூன்று போனால் நாலு. இந்தப் பிள்ளைக்குக் கடன் வாங்குவது என்றால் என்னவென்றே இன்னும் பிடிபடவில்லை. 336 எழுதிய பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியும். பூஜ்யத்தை 9 ஆக்கவும் தெரியும். ஆனால் அந்த ஒன்பதுக்கான சரக்கு பக்கத்து ஐந்திலிருந்து வந்தது, ஆகவே ஐந்து நாலாக வேண்டும் என்பது தெரியாது. ‘பூஜ்யம் வந்தால் 9 ஆகிவிடும்’ என்று ஒரு மந்திரம் மட்டும் மனதில் நிற்கிறது. 266 எழுதிய பிள்ளை பூஜ்யத்தைத் தாண்டிப் போய் ஐந்திடம் நேரடியாகக் கடன் வாங்கிவிட்டது. ஐந்து நாலாகிவிட்டது, மூன்று பதின்மூன்றாகிவிட்டது, பூஜ்யம் அப்படியே கிடக்கிறது. பூஜ்யத்திலிருந்து ஆறு போகாதே என்று வந்தபோது ஆறையே கீழே இறக்கிவிட்டது.

இந்த மூன்று பேரையும் உட்காரவைத்து ‘கடன் வாங்கிக் கழித்தல்’ பாடத்தை முதலிலிருந்து நடத்தி, வீட்டுக்கு இருபது கணக்கு கொடுத்து அனுப்பினால், அதே தவறு இருபது முறை பழகிப் போகும். பெரும்பாலான டியூஷன் நடப்பது இப்படித்தான். பள்ளியில் ஒருமுறை கேட்டதை மாலையில் இன்னொருமுறை கேட்பதற்குத் தனியாக ஓர் ஆள் தேவையில்லை. தனி ஆள் தேவைப்படுவது, அந்த 336 எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பதற்கு.

பிள்ளைகளின் தவறுகள் கவனக்குறைவால் மட்டும் வருபவை அல்ல, அவற்றுக்குப் பின்னால் ஓர் ஒழுங்கான தவறான விதி இருக்கிறது என்பதை ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1978-இல் கழித்தல் கணக்குகளை வைத்தே காட்டினார்கள். பிள்ளை பின்பற்றும் தவறான விதியைக் கண்டுபிடித்துவிட்டால், அடுத்த கணக்குக்கு அது என்ன தப்பான விடை எழுதும் என்பதைக்கூட முன்கூட்டியே சொல்லிவிடலாம். டியூஷன் எடுப்பவருக்கு இதைவிட நல்ல உரைகல் கிடையாது. 336-க்கான காரணத்தை ஊகித்தவர் அடுத்து 704 − 358 கொடுத்து, பிள்ளை 446 எழுதுகிறதா என்று பார்க்க வேண்டும். எழுதினால் ஊகம் சரி. சரியான விடையான 346-ஐ எழுதினால் முதலில் வந்தது வெறும் கைப்பிசகாக இருக்கலாம்.

எவ்வளவு பயன்?

தனிப்பயிற்சியைப் பற்றிப் பேசும் எல்லாரும் மேற்கோள் காட்டும் கட்டுரை அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் 1984-இல் எழுதியது. தனிப்பயிற்சி பெற்ற சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் இருந்த மாணவர்களில் 98 விழுக்காட்டினரைவிட மேலே வந்தார் என்பது அதன் சாரம். இந்த எண்ணை விளம்பரங்களில் பார்க்கலாம். அங்கே சொல்லாமல் விடப்படுவது, அந்தப் பயிற்சியின் அமைப்பு. அது சுமார் மூன்று வாரம் மட்டுமே நடந்த சோதனை. இடையிடையே சிறு தேர்வு வைத்து, தவறியதைத் திருத்தி, மறுபடி சோதித்த பிறகே அடுத்த பகுதிக்குப் போனார்கள். அதாவது பலன் தந்தது தனியாக உட்கார்ந்தது மட்டுமல்ல, தேறாமல் நகரக் கூடாது என்ற கட்டுப்பாடும்தான்.

பின்னால் வந்த ஆய்வுகள் எண்ணைக் கீழே இறக்கின. கர்ட் வான்லேன் 2011-இல் பல ஆய்வுகளைத் தொகுத்தபோது மனிதர் தரும் தனிப்பயிற்சியின் விளைவு 0.79 திட்டவிலக்கம் என்று வந்தது. 2020-இல் வெளியான, 96 சோதனைகளை உள்ளடக்கிய இன்னொரு தொகுப்பில் அது 0.37. இந்த எண்களை வீட்டு மொழியில் சொன்னால், நூறு பேர் வரிசையில் நடுவில் நிற்கும் பிள்ளை, முதல் கணக்குப்படி ஏறத்தாழ 79 பேரையும், இரண்டாவது கணக்குப்படி 64 பேரையும் பின்னுக்குத் தள்ளும் இடத்துக்கு நகரும். கல்வியில் இதுவே பெரிய முன்னேற்றம்தான். ஆனால் ‘ஒரே மாதத்தில் முதல் ரேங்க்’ என்ற வாக்குறுதிக்கு இதில் எந்த ஆதாரமும் இல்லை. இரண்டாவது தொகுப்பில் இன்னொரு செய்தியும் இருந்தது. ஆசிரியர்களும் முறையாகப் பயிற்சி பெற்ற உதவியாளர்களும் நடத்தியவை, தன்னார்வலர்களும் பெற்றோரும் நடத்தியவற்றைவிட அதிகப் பலன் தந்தன.

முதல் இரண்டு வகுப்பு

முதல் நாளே பாடம் தொடங்குவது தவறு. எட்டாம் வகுப்புப் பிள்ளை இயற்கணிதத்தில் தடுமாறுகிறது என்று வந்தால், பழுது பெரும்பாலும் ஐந்தாம் வகுப்புப் பின்னத்திலோ ஆறாம் வகுப்பு எதிர்க்குறி எண்களிலோ இருக்கும். கூரை ஒழுகினால் சுவரில் ஈரம் தெரிவதுபோல.

ஆகவே முதல் இரண்டு அமர்வுகளில் பதினைந்து இருபது கேள்விகள் போதும். நடப்பு வகுப்பிலிருந்து மூன்று, அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளிலிருந்து மீதி. நேரக் கட்டுப்பாடு வேண்டாம், கால்குலேட்டர் வேண்டாம், அழிப்பான் வேண்டவே வேண்டாம். அழித்த இடத்தில்தான் நமக்கு வேண்டிய செய்தி இருந்திருக்கும். தப்பென்று தோன்றினால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதச் சொல்ல வேண்டும்.

கேள்விகளைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு நுட்பம் உண்டு. தசம எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். 0.75, 0.8 இரண்டில் எது பெரிது என்று கேட்டால், ‘இலக்கம் அதிகமாக இருந்தால் பெரிய எண்’ என்று நம்பும் பிள்ளை 0.75 என்று சொல்லி மாட்டிக்கொள்ளும். ஆனால் இதற்கு நேர்மாறான நம்பிக்கை கொண்ட பிள்ளைகளும் இருக்கிறார்கள். நூறில் ஒரு பங்கு பத்தில் ஒரு பங்கைவிடச் சிறியது, ஆகவே இலக்கம் குறைவாக இருப்பதுதான் பெரியது என்பது அவர்கள் வாதம். அந்தப் பிள்ளை 0.8 என்று சரியாகச் சொல்லித் தப்பித்துவிடும். அதைப் பிடிக்க 0.3, 0.47 என்ற ஜோடி வேண்டும். அங்கே அது 0.3-ஐப் பெரிது என்று சொல்லும். ஒரு வகை ஜோடியை மட்டும் கேட்டுவிட்டு ‘தசமம் தெரியும்’ என்று முடிவுகட்டினால், பாதிப் பேரைத் தவறாகத் தேற்றிவிடுவோம்.

இதேபோல 8 + 4 = ☐ + 5. கட்டத்தில் 12 எழுதும் பிள்ளைக்குச் சமக்குறி என்றால் ‘விடை இதோ வருகிறது’ என்று பொருள். 17 எழுதும் பிள்ளை கண்ணில் பட்ட எல்லாவற்றையும் கூட்டிவிட்டது. 7 எழுதினால்தான், இரண்டு பக்கமும் ஒரே மதிப்பு என்ற கருத்து இருக்கிறது. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். 12 எழுதுகிற பிள்ளைக்குச் சமன்பாடு நடத்துவது சுவரில்லாமல் சித்திரம் வரைகிற வேலை. பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம்கூட இதன் எச்சம் இருக்கும். 5 + 3 = 8 × 2 = 16 − 4 = 12 என்று சங்கிலிபோல எழுதிக்கொண்டு போவார்கள். இறுதி விடை சரியாக இருப்பதால் யாரும் திருத்துவதில்லை.

பின்னத்துக்கு 1/2 + 1/3 போதும். 2/5 என்று வந்தால் மேல் எண்ணோடு மேல் எண்ணையும் கீழ் எண்ணோடு கீழ் எண்ணையும் கூட்டியிருக்கிறது. உடனே மீ.பொ.ம. எடுக்கச் சொல்லித்தர வேண்டாம். ‘அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தாய், இப்போது அரையைவிடக் கூடவா குறைச்சலா?’ என்று கேளுங்கள். ஐந்தில் இரண்டு பங்கு அரையைவிடக் குறைவு என்று பிள்ளையே பார்க்கும். தன் விடை பொருந்தவில்லை என்று தனக்கே தெரிந்த பிறகு சொல்லித்தரும் முறைதான் ஒட்டும்.

கேள்வித்தாளோடு கூடவே சில விஷயங்களைக் கவனித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். மேசைக்கு அடியில் விரல் எண்ணுகிறதா? கேள்வியைப் படித்து முடிக்கும் முன்பே எண்களைப் பொறுக்கிக் கணக்குப் போடுகிறதா? எழுதும்போது நம் முகத்தைப் பார்க்கிறதா? கடைசியில் சொன்னது முக்கியம். நம் புருவம் அசைவதை வைத்தே விடையை மாற்றுகிற வித்தையைப் பல பிள்ளைகள் கற்றுவைத்திருக்கிறார்கள்.

பேனா யார் கையில்?

நல்ல டியூஷனுக்கும் வீண் டியூஷனுக்கும் உள்ள வித்தியாசத்தை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்க வேண்டுமானால் பேனா யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். ஆசிரியர் அழகாகப் போட்டுக் காட்டுகிறார், பிள்ளை தலையாட்டுகிறது. ‘புரிஞ்சுதா?’ ‘புரிஞ்சுது.’ அடுத்த நாள் தாள் வெறுமையாக இருக்கும். பிள்ளை பொய் சொல்லவில்லை. அடுத்தவர் போடும்போது ஒவ்வொரு வரியும் புரியத்தான் செய்யும். அடுத்த வரி என்ன என்று தானே முடிவெடுக்கும் வேலை மட்டும் நடக்கவில்லை.

பேனாவைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டும் இதே தவறு நடக்கும். கேள்வி: 20-இல் நான்கில் மூன்று பங்கு எவ்வளவு? பிள்ளை பேசாமல் இருக்கிறது.

“கீழே என்ன எண் இருக்கு?”
“நாலு.”
“அப்ப இருபதை நாலால வகுத்தா?”
“அஞ்சு.”
“மேலே என்ன இருக்கு?”
“மூணு.”
“அஞ்சையும் மூணையும் பெருக்கினா?”
“பதினஞ்சு.”
“வெரி குட்!”

விடை சரி, பாராட்டும் கிடைத்தது. பிள்ளை செய்தது என்ன? ஓர் எண்ணைப் படித்தது, ஒரு வாய்ப்பாடு சொன்னது, இன்னோர் எண்ணைப் படித்தது, இன்னொரு வாய்ப்பாடு சொன்னது. எதால் வகுப்பது, ஏன் வகுப்பது, பிறகு எதைப் பெருக்குவது என்ற எல்லா முடிவையும் ஆசிரியர் எடுத்துவிட்டார். நாளைக்கு 28-இல் ஏழில் இரண்டு பங்கு என்று கேட்டால் அதே மௌனம். ஹைன்ரிக் பவர்ஸ்ஃபெல்ட் என்ற ஜெர்மானியக் கணிதக் கல்வியாளர் இதைப் புனலோடு ஒப்பிட்டார். கேள்விகள் குறுகிக் குறுகி, கடைசியில் பிள்ளை சொல்ல ஒரே ஒரு சொல்தான் மிச்சமிருக்கும்.

மாற்று வழி மெதுவானது. ‘ஒரு நீளப் பட்டை வரை. அது முழுசா இருபது. இதில் நான்கில் மூன்று பங்கு எங்கே இருக்கும்னு காட்டு.’ பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். கஷ்டமே இங்கேதான். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுதினார். மூன்று வினாடியாக நீட்டினாலே பிள்ளைகளின் பதில் நீளமாகவும் காரணத்தோடும் வந்தது. தனி வகுப்பில் நமக்கு அவசரமே இல்லை, மனதுக்குள் பத்து எண்ணலாம்.

பத்து எண்ணியும் அசையவில்லை என்றால் உதவியைச் சிறிய அளவிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் கேள்வியை உரக்கப் படிக்கச் சொல்வது. அடுத்து, என்ன கேட்கிறார்கள் என்று சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்வது. பிறகு படம். பிறகு அதே கணக்கைச் சிறிய எண்ணில், எட்டில் பாதி எவ்வளவு என்பதுபோல. அதற்கும் பிறகே ஒரு படியை நாம் போட்டுக் காட்டுவது. எந்தப் படியில் பிள்ளை நகர்ந்தது என்று ஓரத்தில் குறித்துவைத்தால், அடுத்த வாரம் அதே வகைக் கணக்குக்கு அதைவிடக் குறைந்த உதவி போதுமானதாக இருந்ததா என்று பார்க்கலாம். மதிப்பெண்ணைவிட நம்பகமான அளவுகோல் இதுதான்.

இதற்காக எதையும் போட்டுக் காட்டவே கூடாது என்பதல்ல. முற்றிலும் புதிய வகை என்றால் பிள்ளையைத் தேட விட்டு நேரத்தைக் கரைப்பதில் பொருளில்லை. முழுதாகத் தீர்த்த கணக்கு ஒன்றைக் காட்டி, உடனே அதே அமைப்பில் ஒன்றைப் போடச் சொல்வது நல்லது. அடுத்ததில் கடைசிப் படியை மட்டும் காலியாக விடலாம், அதற்கடுத்ததில் கடைசி இரண்டை. நாலைந்து கணக்குக்குள் தாள் முழுதும் பிள்ளையுடையதாகிவிடும்.

ஒரு மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது

வாரத்துக்கு ஒருமுறை ஒன்றரை மணி நேரம் என்பதைவிட இருமுறை முக்கால் மணி நேரம் மேல். இடைவெளியில் கொஞ்சம் மறந்து, மறுபடி நினைவுகூர்வதில்தான் பாடம் பதிகிறது. ஒரு மணி நேரம் கிடைத்தால், முதல் ஏழெட்டு நிமிடம் பழைய கணக்கு நான்கு: போன வகுப்பிலிருந்து இரண்டு, போன வாரத்திலிருந்து ஒன்று, போன மாதத்திலிருந்து ஒன்று. புத்தகம் மூடியிருக்க வேண்டும். அடுத்து இருபது நிமிடம் அன்றைய பழுது. அன்றைக்கு ஒரே ஒரு பழுதுதான், இரண்டு எடுத்தால் இரண்டும் அரைகுறை. பிறகு இருபது நிமிடம் ஆசிரியர் பேசாத நேரம், பிள்ளை தனியாகப் போடும். கடைசிப் பத்து நிமிடத்தில் பிள்ளை ஒரு கணக்கை நமக்குச் சொல்லித்தர வேண்டும்.

வீட்டுப்பாடத்தை இந்தப் பிரிவில் சேர்க்கவில்லை. வேண்டுமென்றேதான். பள்ளி வீட்டுப்பாடத்தை முடித்துக் கொடுக்கும் இடமாக டியூஷன் மாறினால் பெற்றோருக்கு நிம்மதி, பிள்ளைக்கு நிம்மதி, பள்ளி ஆசிரியருக்கும் எல்லாம் சரியாக வந்திருக்கிறது என்ற மகிழ்ச்சி. பிள்ளைக்கு எது தெரியவில்லை என்பது மூன்று பேருக்குமே மறைந்துபோகும். இன்னும் மோசமான பின்விளைவு, ‘மாலையில் எப்படியும் சொல்லித்தருவார்கள்’ என்று வகுப்பில் கவனிப்பதை விட்டுவிடுவது. வீட்டுப்பாடத்தில் சிக்கிய ஒரு கணக்கைக் கொண்டுவரலாம். எவ்வளவு தூரம் முயன்றது என்பது தாளில் தெரிய வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டால் போதும்.

கைப்பேசியில் படமெடுத்தால் படிப்படியாக விடை தரும் செயலிகள் வந்தபிறகு வீட்டுப்பாடத்தை வைத்து எதையும் மதிப்பிட முடியாது. சந்தேகம் இருந்தால் விசாரணை வேண்டாம். அதில் ஒரு கணக்கை எடுத்து எண்ணை மட்டும் மாற்றி எதிரில் போடச் சொன்னால் தெரிந்துவிடும்.

பயிற்சித்தாளின் சூது

ஒரே வகைக் கணக்கு முப்பது. முதல் மூன்றுக்கு யோசிக்கும், மீதி இருபத்தேழும் கை தானாகப் போடும். எல்லாம் சரி, எல்லாருக்கும் திருப்தி. டக் ரோரர், கெல்லி டெய்லர் இருவரும் 2007-இல் கல்லூரி மாணவர்களுக்கு நான்கு வகைத் திண்மங்களின் கன அளவு காணக் கற்பித்தார்கள். ஒரு குழு வகைவகையாகப் பிரித்துப் பயின்றது, இன்னொரு குழு கலந்து பயின்றது. பயிற்சியின்போது பிரித்துப் பயின்றவர்கள் 89 விழுக்காடு, கலந்து பயின்றவர்கள் 60 விழுக்காடு. ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது பிரித்துப் பயின்றவர்கள் 20, கலந்து பயின்றவர்கள் 63.

காரணம் எளிது. தேர்வில் கணக்கைப் போடுவதற்கு முன்னால் இது எந்த வகைக் கணக்கு என்று கண்டுபிடிக்க வேண்டும். ‘பயிற்சி 4.2: தனிவட்டி’ என்று தலைப்பு போட்ட தாளில் அந்த வேலைக்கு இடமே இல்லை. புதிய வகையை முதல்நாள் ஆறேழு கணக்கு ஒன்றாகப் போடட்டும். இரண்டாம் நாளிலிருந்து பழைய மூன்று நான்கு வகைகளோடு கலந்து பத்துக் கணக்கு. தவறு கூடும், பிள்ளை முனகும், ‘போன வாரம் நல்லா போட்டானே’ என்று வீட்டில் கேட்பார்கள். முன்பே சொல்லிவைத்துவிடுவது நல்லது.

வாய்ப்பாட்டுக்கு வேறு நியாயம். அங்கே யோசனைக்கு வேலையில்லை, விடை சட்டென்று வர வேண்டும். 7 × 8-க்கு விரலை எண்ணும் பிள்ளைக்குப் பின்னக் கூட்டலின் நடுவே எந்தப் படியில் இருந்தோம் என்பதே மறந்துபோகும். பத்தாம் வாய்ப்பாடு வரை நூறு பெருக்கல்கள் என்று பயமுறுத்த வேண்டியதில்லை. 7 × 8-உம் 8 × 7-உம் ஒன்றே என்றால் 55 ஆகிவிடும். 1, 2, 5, 10 வாய்ப்பாடுகள் பொதுவாகத் தெரிந்திருக்கும். அவற்றை நீக்கினால் மிச்சம் 21தான். அந்த 21-ஐ அட்டைகளில் எழுதி, வாரம் மூன்று புதியது, தினம் ஐந்து நிமிடம். ஏழு வாரத்தில் முடியும். கடிகாரம் வைத்துப் போட்டி நடத்த வேண்டாம். கணக்கென்றாலே பதறும் பிள்ளைக்கு, பதற்றமே மனதில் எண்களை வைத்திருக்க வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்ளும்.

சொற்கணக்கும் குறுக்கு வழியும்

‘மொத்தம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி, அதிகம் என்றால் கூட்டு.’ இந்தப் பட்டியலைச் சொல்லித்தரும் டியூஷன்கள் ஏராளம். அண்ணனிடம் 12 பென்சில் இருக்கிறது, அது தங்கையிடம் இருப்பதைவிட 5 அதிகம், தங்கையிடம் எத்தனை? பட்டியலை நம்பிய பிள்ளை 17 என்று எழுதும். தங்கைக்குக் குறைவாகத்தான் இருக்க வேண்டும் என்று யோசித்த பிள்ளை 7 எழுதும். எண்களை மறைத்துவிட்டுக் கதையை மட்டும் சொல்லச் சொல்வது இதற்கு நல்ல மருந்து. யாரிடம் அதிகம், யாரிடம் குறைவு, விடை 12-ஐவிடப் பெரியதாக இருக்குமா சிறியதாக இருக்குமா என்று முதலில் முடிவாக வேண்டும். எண் பிறகு வரட்டும்.

இயற்கணிதத்தில் இதற்கு இணையான குறுக்கு வழி, ‘பக்கம் மாறினால் குறி மாறும்’. x + 5 = 12 வரைக்கும் இது வேலை செய்யும். −3x = 12 வந்ததும் பாருங்கள். ஒரு பிள்ளை x = 12 + 3 = 15 என்று எழுதும், −3 அந்தப் பக்கம் போய் +3 ஆகிவிட்டதாம். இன்னொரு பிள்ளை வகுக்க வேண்டும் என்று தெரிந்தும் குறியையும் மாற்றி, x = 12/3 = 4 என்று எழுதும். இரண்டு பேருமே சொல்லித்தந்த விதிக்கு விசுவாசமாகத்தான் நடந்திருக்கிறார்கள். சரியான விடை −4. எதுவும் எந்தப் பக்கமும் ‘போவதில்லை’, இரு பக்கமும் ஒரே வேலையைச் செய்கிறோம், அவ்வளவுதான். சில வாரங்களுக்கு ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ‘இருபுறமும் −3-ஆல் வகுக்க’ என்று எழுதவைப்பது சலிப்பாக இருக்கும். ஆனாலும் எழுதவைக்க வேண்டும்.

(x + 3)² என்பதற்கு x² + 9 எழுதுவதும் தீராத வியாதி. சூத்திரத்தை மறுபடி ஒப்பிக்கச் சொல்வதைவிட x-க்கு 2 போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் 25, இன்னொரு பக்கம் 13. காணாமல்போன 12 எங்கே? x + 3 பக்கமுள்ள சதுரம் ஒன்று வரைந்து நான்காகப் பிரித்தால், இரண்டு 3x செவ்வகங்களில் அது இருப்பது தெரியும்.

இன்னொரு வழக்கத்தையும் விட்டுவிடலாம். 3a + 2b என்றால் மூன்று ஆப்பிள், இரண்டு பந்து என்று சொல்லித்தருவது. எழுத்து என்பது பொருளின் பெயர் அல்ல, ஓர் எண். ஒவ்வொரு பேராசிரியருக்கும் ஆறு மாணவர்கள், மாணவர் எண்ணிக்கை S, பேராசிரியர் எண்ணிக்கை P, சமன்பாடு எழுதுக என்று ஜான் கிளெமன்ட் குழுவினர் 1980-களின் தொடக்கத்தில் முதலாண்டுப் பொறியியல் மாணவர்களிடம் கேட்டார்கள். 37 விழுக்காட்டினர் தவறினார்கள். சரியான விடை S = 6P, பலர் எழுதியது 6S = P. ஆறு மாணவருக்கு ஒரு பேராசிரியர் என்று வாக்கியத்தை அப்படியே எழுத்தாக்கிவிட்டார்கள். ஆப்பிளும் பந்தும் கல்லூரி வரை கூடவே வரும்.

ஆளைத் தேர்ந்தெடுப்பது

பட்டம் ஒரு தகுதி, அது மட்டும் போதாது. கழித்தலில் ஒருநாளும் தடுமாறாத ஒருவருக்கு 336 எப்படி வந்திருக்கும் என்று ஊகிப்பது கடினம். பேசிப்பார்க்கும்போது பிள்ளையின் பழைய தேர்வுத்தாள் ஒன்றைக் கொடுத்து, என்ன தெரிகிறது என்று கேளுங்கள். ‘அடிப்படை வீக், நிறைய பிராக்டிஸ் வேணும்’ என்றால் அது எல்லாருக்கும் சொல்லும் ஜோசியம். ‘மூன்று கணக்கிலும் பூஜ்யம் வரும் இடத்தில்தான் தவறியிருக்கிறது’ என்று சொல்பவரிடம் சேர்க்கலாம். ஒரே நிலையில் உள்ள இரண்டு மூன்று பிள்ளைகள் சேர்ந்து படிப்பது தனியாகப் படிப்பதற்கு ஏறக்குறைய ஈடாக இருக்கும். பதினைந்து பேர் இருந்தால் அது இன்னொரு வகுப்பறைதான்.

முதல் வாரமே பள்ளி நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பவரா என்றும் கவனியுங்கள். வகுத்தலை எழுதும் முறைகூட இடத்துக்கு இடம் மாறும். பள்ளியில் ஒன்று, டியூஷனில் ஒன்று என்று இரண்டு முறையைக் கலந்து, இரண்டிலும் சேராத ஒரு மூன்றாவது முறையைப் பிள்ளைகள் உருவாக்கிக்கொள்வார்கள்.

இணையவழி என்றால் முகம் தெரியும் கேமரா இரண்டாம்பட்சம், தாள் தெரியும் கேமராதான் முக்கியம். கைப்பேசியைப் புத்தக அடுக்கின் மேல் வைத்துக் கீழ்நோக்கித் திருப்பினால் பேனாமுனை தெரியும். முடித்த விடையைப் படமெடுத்து அனுப்பினால், எதை முதலில் எழுதியது, எங்கே தயங்கியது என்பதெல்லாம் தொலைந்துவிடும்.

மூன்று நான்கு மாதம் ஒழுங்காக நடத்தியும் ஒரு பிள்ளைக்கு நாலைந்து புள்ளிகளைப் பார்த்தவுடன் எண்ணிக்கை சொல்ல வரவில்லை, 48-உம் 84-உம் எது பெரிது என்பதில் குழப்பம் தீரவில்லை, நேற்று வந்த 6 + 7 இன்று இல்லை என்றால், டியூஷன் நேரத்தைக் கூட்டுவது தீர்வல்ல. எண்ணறிவுக் குறைபாடு (டிஸ்கால்குலியா) இருக்கலாம். அதைக் கண்டறியத் தகுதியுள்ள நிபுணரிடம் அழைத்துப்போக வேண்டும். அதற்கு முன் கண் பரிசோதனையும் ஒன்று. கரும்பலகையில் 3-உம் 8-உம் ஒன்றாகத் தெரிவதைக் கணக்கு வராது என்று எண்ணிக்கொண்டிருப்போம்.

எப்போது நிறுத்துவது என்பதைச் சேரும்போதே பேசிவிடுவது நல்லது. ஒரு மாதத்துக்கு முன் நடத்திய வகைகளிலிருந்து கலந்து பத்துக் கணக்கு, உதவியில்லாமல், முன்னறிவிப்பில்லாமல். எட்டு சரியாக இருந்து, தவறிய இரண்டில் ஒன்றையாவது ‘இது சந்தேகமா இருக்கு’ என்று பிள்ளையே சுழித்துக் காட்டினால் வாரம் இரண்டை ஒன்றாக்கலாம். இரண்டு மாதம் கழித்து மறுபடி அதே சோதனை, பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை. அந்தக் கட்டத்துக்கு வந்த பிள்ளையிடம் 503 − 267 கொடுத்தால், 236 எழுதிவிட்டு நம் முகத்தைப் பார்க்காது. தாளின் ஓரத்தில் 236 + 267 என்று எழுதிக் கூட்டிக்கொண்டிருக்கும்.